கேசட் பாடலின் கிட்டார் இடையிசை: வேகத்தைக் குறைத்துக் கேட்க எந்த மென்பொருள்?

அரசலாறு (கும்பகோணம்)

பங்குனியில் பாபநாசம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கச்சேரி கிடைத்திருக்கிறது. எண்பதுகளில் வந்த ஒரு பாடலைக் கட்டாயம் பாட வேண்டும் என்பது விழாக் குழுவின் நிபந்தனை. பாடலின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளாளுக்கு அதைப் புகழ்வதிலேயே இழை முடிந்துவிடும்.

பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவில் வரும் கிட்டார் பகுதிதான் சிக்கல். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வேகம், அடிக்கு நான்கு ஸ்வரம். என்னிடம் இருப்பது வீட்டுக் கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய எம்.பி.3 கோப்பு. விஎல்சியில் பாதி வேகம் வைத்துக் கேட்டால் ஒலி குழைந்துபோகிறது. மீட்டும் முனையே தெரியவில்லை. போதாக்குறைக்குச் சுருதியும் ஒத்துவரவில்லை. டி என்று பிடித்தால் பாடல் சற்று மேலே நிற்கிறது, டி ஷார்ப் என்று பிடித்தால் சற்றுக் கீழே.

எந்த மென்பொருள் நல்லது? இலவசமாக இருந்தால் மகிழ்ச்சி.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். திருவிழா நாட்களில் புதுப் பாடல்களை இரண்டு மூன்று நாட்களில் பிடிக்க வேண்டியிருக்கும், ஆகையால் இந்தப் பாடு எனக்குப் பழக்கம்.

காசு கொடுக்க மனம் இருந்தால் செவன்த் ஸ்ட்ரிங் நிறுவனத்தின் டிரான்ஸ்க்ரைப். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 30 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். உங்கள் கச்சேரிக்கு அந்த 30 நாளே போதும் என்று சொன்னால் தயாரித்தவர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் உண்மை அதுதான். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடலாம், அந்தக் கணத்தில் எந்தெந்த ஸ்வரங்கள் ஒலிக்கின்றன என்று பியானோ கட்டைகளின் மேல் முகடுகளாகவும் காட்டும். ரோனி மியூசிக்கின் அமேஸிங் ஸ்லோ டவுனரும் இதே வேலைக்கானது. எளிமை வேண்டுமானால் அது.

இலவசம் என்றால் ஆடாசிட்டி. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. வேகத்தை மாற்றும் வழிகள் அதில் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒன்று வேகத்தோடு சுருதியையும் சேர்த்து இறக்கும். இன்னொன்று சுருதியை விட்டுவிட்டுக் காலப்பிரமாணத்தை மட்டும் மாற்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது. விளைவுகள் பட்டியலில் ‘சேஞ்ச் டெம்போ’ என்று தேடுங்கள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அரசலாறுக்கு இரண்டுமே வேண்டும், அதுவும் வரிசை மாறாமல்.

கேசட் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். மோட்டார் பட்டை தளர்ந்தாலோ யாராவது திருகைத் தொட்டிருந்தாலோ அது மாறிவிடும். நாடா வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும், பாடலும் சீக்கிரம் முடியும். இரண்டும் ஒன்றாகக் கெட்டவை, ஒன்றாகத்தான் சரியாக வேண்டும். டிக்கும் டி ஷார்ப்புக்கும் நட்டநடுவில் என்றால் 50 சென்ட், அதாவது அரை அரைச்சுரம், பிழை. வேகக் கணக்கில் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு முழு அரைச்சுரம் விலக வேண்டுமென்றால் ஏறத்தாழ 6 சதவீதம் வேகம் மாற வேண்டும்.

ஆகவே முதலில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வழியால் 3 சதவீதம் குறையுங்கள். இதில் ஒலிக்குச் சேதம் மிகக் குறைவு, நாடாவைச் சரியான வேகத்தில் ஓட விட்டதற்குச் சமம். அதைத் தனிக் கோப்பாகச் சேமித்த பிறகு காலப்பிரமாணத்தை மட்டும் குறையுங்கள். ‘சேஞ்ச் பிட்ச்’ கொண்டு சுருதியை மட்டும் இழுத்தீர்களானால், தேவையில்லாத ஒரு கணக்கு வேலையை ஒலியின் தலையில் ஏற்றி, அதன் மேல் இன்னொன்றையும் ஏற்றுகிறீர்கள். குழைவு இரட்டிப்பாகும்.

எம்.பி.3 வேண்டாம். கேசட் இன்னும் உயிரோடு இருந்தால் வேவ் கோப்பாக மறுபடி ஏற்றுங்கள். முழு வேகத்தில் காது மன்னிக்கும் அழுத்தக் குறைகள் பாதி வேகத்தில் பல்லை இளிக்கும்.

ஆறாம்தந்தி (மன்னார்குடி)

வெண்ணாறு அண்ணன் சொன்னது சரி. ஆனால் 3 சதவீதம் என்பதை எதை வைத்து உறுதி செய்வது? அந்தப் பாடலை ஒலிப்பதிவு செய்தபோதே கிட்டாரை அரைச்சுரம் இறக்கி வைத்திருந்தால்? டி ஷார்ப்தான் சரியான சுருதி, கேசட் மெதுவாக ஓடுகிறது என்று ஏன் இருக்கக் கூடாது?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

நல்ல கேள்வி தம்பி. வேகம் கூடியதா குறைந்ததா என்பதைச் சுருதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இணையத்தில் அதே பாடலின் அதிகாரபூர்வப் பதிப்பு இருந்தால் இரண்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். முதல் தாள அடியிலிருந்து கடைசி அடி வரை அளந்தால் போதும். கேசட் 3 சதவீதம் குட்டையா நெட்டையா என்பது தெரிந்துவிடும்.

சிலர் 50 ஹெர்ட்ஸ் மின்சார முரலைத் தேடிப் பிடித்து அதிலிருந்து கணக்குப் போடுவார்கள். ஒலிப்பதிவிலேயே புகுந்த முரல் 51.5-இல் நின்றால் நாடா 3 சதவீதம் வேகம் என்பது கணக்கு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் உங்கள் டேப் ரெக்கார்டரின் சொந்த முரல் எப்போதும் இன்றைய 50-இல்தான் நிற்கும், எது எதனுடைய முரல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். தவிரவும் அந்தக் காலத்து மின்சாரம் 50-இல் அசையாமல் நின்றது என்று நம்புகிறவர்கள் அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்க மாட்டார்கள்.

திமிரி (திருவாரூர்)

எல்லோரும் பொறியியல் பேசுகிறீர்கள், ஒருவரும் சங்கீதம் பேசவில்லை. எங்கள் வீடு நாகஸ்வரக் குடும்பம். நான் கிட்டார் தொட்டதில்லை, பிள்ளை வாசிக்கிறான், அவனுக்காகவே இங்கே வந்து படிக்கிறேன்.

மெதுவாகக் கற்பது நமக்குப் புதிது அல்ல. முதற்காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. சரளி வரிசையிலிருந்தே அதுதான் பாடம். ஆனால் அங்கே மெதுவாக்குகிறவன் மனிதன். எதை நீட்டுவது, எதை நீட்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். காலம் ஏறும்போது கமகத்தின் சில அசைவுகள் உதிரும், இறங்கும்போது புதிதாகச் சில முளைக்கும். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கிறது. பாதி வேகத்தில் கேட்ட கம்பிதத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, பாதி வேகத்தில் அப்படியே வாசித்துப் பழகினால், முழு வேகத்தில் அது வேறு ஏதோவாகத்தான் வரும்.

என் யோசனை: முதலில் வாயால் பாடுங்கள். வாயில் வராத சங்கதி விரலில் வராது. பாட முடிந்த பிறகும் எந்த இடம் நழுவுகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் இயந்திரத்தைத் தொடுங்கள்.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

ஐயா, பாடச் சொன்னது சரிதான். ஆனால் கிட்டாரில் பாட முடியாதவையும் இருக்கின்றனவே. நான்கு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டை எப்படிப் பாடுவது? அதே ஸ்வரத்தை எந்தத் தந்தியில் எடுத்தார் என்பதையும் பாடிக் கண்டுபிடிக்க முடியாது. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும் (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகப் படி) மூன்றாம் தந்தியின் 9-ஆம் ஃப்ரெட்டிலும் நான்காம் தந்தியின் 14-ஆம் ஃப்ரெட்டிலும் வரும். ஸ்வரம் ஒன்று, குரல் நான்கு. கை எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த ஸ்வரத்துக்கு விரல் போய்ச் சேராது.

மெதுவாக்கிக் கேட்டால் இதற்குத் துப்பு கிடைக்கும். கை நகரும்போது தந்தியில் ஒரு கீச்சொலி வருகிறதா என்று பாருங்கள். அது கம்பி சுற்றிய தடித்த தந்திகளில்தான் வரும், வழவழப்பான முதல் இரண்டு தந்திகளில் வராது. அடுத்த ஸ்வரம் தொடங்கிய பிறகும் முந்தையது ஒலித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் வெவ்வேறு தந்தி. முந்தையது சட்டென்று அறுந்தால் பெரும்பாலும் ஒரே தந்தி. மீட்டும் ஒலி இல்லாமல் ஸ்வரம் மட்டும் மாறினால் விரலால் தட்டிய ஹேமர் ஆன், அல்லது விரலை எடுத்த புல் ஆஃப். முழு வேகத்தில் ஸ்வரத்துக்கு 125 மில்லி வினாடிதான். இவற்றை யார் பிரித்துக் கேட்பது?

திமிரி (திருவாரூர்)

இது நியாயமான பேச்சு. கைவைப்பைக் கண்டுபிடிக்க மெதுவாக்குங்கள், பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

சம்பாதாளடி (நீடாமங்கலம்)

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். கணினி இல்லை, கைப்பேசிதான். யூடியூபிலேயே வேகத்தைக் குறைத்துக் கற்றால் ஆகாதா? 30 சதவீதம் வரை இறக்கினால் எல்லாம் தெளிவாகிவிடுமா?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

ஆகும். யூடியூபில் 0.25 வரை இறக்கலாம். ஆனால் சிறு துண்டை மட்டும் திரும்ப ஓட விடுவது அங்கே தொல்லை. அதற்கென்றே ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செயலிகள் இருக்கின்றன; ‘மியூசிக் ஸ்பீட் சேஞ்சர்’, ‘எனிடியூன்’ என்று தேடுங்கள். இயர்போன் கட்டாயம். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பாஸ் பாதிக்கு மேல் வராது.

30 சதவீதம் பற்றி: வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பழைய முறையில் இசைத்தட்டையோ நாடாவையோ மெதுவாக ஓட்டினார்கள். 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔ சுற்றில் ஓட்டினால் சரியாகப் பாதி வேகம், சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஸ்வரத்தின் பெயர் மாறாது. ஸ்பூல் டேப்பிலும் நொடிக்கு 7½ அங்குலத்தில் பதித்ததை 3¾-இல் ஓட்டினால் அதே கதை. அந்தக் காலத்து ஜாஸ் கலைஞர்கள் இப்படித்தான் பாடம் எடுத்தார்கள். ஒலி அடித்தொண்டைக்கு இறங்கினாலும் உடையாது. பாதியைத் தவிர வேறு வேகம் என்றால்தான் வம்பு. 70 சதவீதத்தில் ஓட்டினால் ஆறு அரைச்சுரங்களும் கொஞ்சமும் இறங்கி எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும்.

சுருதி மாறாமல் மெதுவாக்குவது வேறு வித்தை. ஒரு வழி, ஒலியைச் சில பத்து மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒன்றன் மேல் ஒன்று படியும்படி தள்ளித் தள்ளி வைப்பது. நீளம் போதாத இடத்தில் அதே துண்டு மறுபடி வரும். இன்னொரு வழி ஃபேஸ் வோக்கோடர்: ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்து, நீட்டி, திரும்பச் சேர்ப்பது. பெல் ஆய்வகத்தில் ஃபிளனகனும் கோல்டனும் 1966-இல் வெளியிட்ட முறை. அவர்கள் கவலை தொலைபேசிப் பேச்சு, நமக்குக் கிட்டார் வந்து வாய்த்தது.

இரண்டு வழியிலும் நீண்டு ஒலிக்கும் ஸ்வரம் நன்றாக நீளும். பிரச்சினை தாக்கொலிதான். மீட்டுகோல் தந்தியைத் தொடும் கணம், தபலாவில் விரல் விழும் கணம், இவற்றுக்கு நீளமே கிடையாது. இல்லாத நீளத்தை எப்படி இழுப்பது? முதல் வழியில் ஓர் அடி இரண்டு அடியாகக் கேட்கும். இரண்டாவதில் அடி கரைந்து மங்கும். அரசலாறு முதலில் சொன்ன குழைவு இதுதான். 70 சதவீதத்தில் பொறுக்கலாம். 50-இல் சங்கடம். 30-இல் நீங்கள் கேட்பதில் பாதி மென்பொருளின் சொந்தக் கற்பனை.

ஆறாம்தந்தி (மன்னார்குடி)

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரம் அடிக்கும்போது ஆறு தந்தியும் ஒரே கணத்தில் ஒலிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். பாதி வேகத்தில் கேட்கிறவர் அதை ஆர்பெஜியோ என்று நினைத்துத் தந்தி தந்தியாக மீட்டிக்கொண்டிருப்பார். என்னிடம் கற்க வரும் பையன்களிடம் இதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

டிரான்ஸ்க்ரைப் காட்டும் முகடுகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அதோடு கூடவே ஒலிக்கும் மூன்று மடங்கு அதிர்வெண் மேற்சுரம் 247. இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினாலும் 247 ஹெர்ட்ஸ் பி! ஒரு தந்தியைத் தொட்டதற்கு மென்பொருள் இரண்டு தந்தியைக் காட்டும். முகட்டைப் பார்த்துக் கார்டு எழுதினால் அடித்தவர் கனவிலும் நினைக்காத கார்டெல்லாம் வரும்.

அரசலாறு (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. வெண்ணாறு ஐயா சொன்ன வரிசையில் செய்தேன். அதிகாரபூர்வப் பதிப்போடு அளந்து பார்த்ததில் கேசட் வேகமாகத்தான் ஓடியிருக்கிறது. 3 சதவீதம் குறைத்ததும் டி-யில் வந்து உட்கார்ந்தது. பிறகு காலப்பிரமாணத்தை 65 சதவீதமாக்கி, கடைசி இரண்டு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) மட்டும் சுற்ற விட்டேன்.

முதல் பகுதி கைக்கு வந்துவிட்டது. கடைசி இரண்டு ஆவர்த்தனம்தான் விளங்கவில்லை. ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்கின்றன, எழுதியும் வைத்துவிட்டேன். ஆனால் வாசிக்க முடியவில்லை. ஆறாம் தந்தி 3-ஆம் ஃப்ரெட்டில் கீழ் ஜி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அது அடங்கும் முன்னரே முதல் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சங்கதி ஓடுகிறது. ஆள்காட்டி விரல் இங்கே, சுண்டு விரல் அங்கே என்றால் எனக்கு இன்னொரு முழங்கை வேண்டும். கீழ் ஜி-யை வேறு எங்கும் எடுக்கவும் வழியில்லை, அந்தத் தந்தியில் அந்த ஒரே இடம்தான். 40 சதவீதம் வரை இறக்கிப் பார்த்துவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

ஆறாம் தந்தியை ஜி-க்கு ஏற்றியிருப்பார்களோ? ஈ-யிலிருந்து மூன்று அரைச்சுரம் ஏற்றினால் தந்தி அறுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, ஆனால் தடித்த தந்தி தாங்கலாம். இல்லாவிட்டால் அந்த ஜி பாஸ் கிட்டாராக இருக்கலாம்.

ஆறாம்தந்தி (மன்னார்குடி)

பாஸ் என்றால் சோதிக்க வழி இருக்கிறது. அந்தத் துண்டின் சுருதியை 12 அரைச்சுரம், அதாவது ஒரு ஸ்தாயி, ஏற்றுங்கள். அடியில் உறுமிக்கொண்டிருப்பதெல்லாம் மேலே வந்து தெளிவாகப் பேசும். பாஸ் வரியைப் பிடிக்க நான் எப்போதும் செய்வது இதுதான். மெதுவாக்குவதைவிட இது பலன் தரும். பாஸ் வேகமாக இருப்பதால் நமக்குக் கேட்காமல் போவதில்லை, தாழ்வாக இருப்பதால்தான்.

பிரித்தெடுக்கும் மென்பொருளையும் பார்க்கலாம். டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டரை வெளியிட்டது. குரல், டிரம்ஸ், பாஸ், பியானோ, மற்றவை என்று பிரிக்கும். கிட்டார் அந்த ‘மற்றவை’யில் புல்லாங்குழல், வயலினோடு அடைபட்டுக் கிடக்கும். ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமுக்ஸில் கிட்டாரையும் தனியாகப் பிரிக்கும் ஒரு சோதனை வடிவம் இருக்கிறது. நம் பாடல்களில் தபலா இருந்தால் இரண்டுமே கொஞ்சம் தடுமாறும்.

அரசலாறு (கும்பகோணம்)

ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேட்டேன். பாஸ் வரி தனியாக வேறு எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஜி அது இல்லை, கிட்டார்தான்; நாகைக்காற்று சொன்ன கீச்சொலி கூட அதற்கு முன்னால் ஒருமுறை கேட்கிறது. அந்தத் துண்டை இங்கே இணைத்திருக்கிறேன். யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

திமிரி (திருவாரூர்)

துண்டைக் கேட்டேன். பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். இது ஒருவர் வாசிப்பு இல்லை.

இரட்டை நாயனத்தில் ஒருவர் சங்கதியை முடிக்கும் முன் மற்றவர் எடுப்பார், மூச்சு விடும் இடம் வெளியே தெரியாது. கேட்கிறவனுக்கு ஒரே நீண்ட மூச்சு. எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒருவருடைய சீவாளி (ஊதும் நாக்கு) கொஞ்சம் கூர்மை, இன்னொருவருடையது கொஞ்சம் மழுங்கல். உங்கள் துண்டிலும் கீழே ஒலிக்கும் கிட்டாருக்கு ஒரு குரல், மேலே ஓடுவதற்கு வேறு குரல். கீழ்க்காரர் தாளத்தில் அச்சாக நிற்கிறார். மேலே ஓடுகிறவர் இம்மியளவு முந்துகிறார். ஒரே ஆளுக்கு இரண்டு அவசரம் இருக்காது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

திமிரி ஐயாவின் காதுக்கு ஒரு வணக்கம்.

நான் துண்டைக் காதால் கேட்கும் முன் அலைவடிவத்தைப் பார்த்தேன். கோப்பு மோனோ. இடமும் வலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். கேசட்டைக் கணினியில் ஏற்றியபோது ஒற்றை முனைக் கம்பியில் ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது டேப் ரெக்கார்டரே மோனோ. எண்பதுகளின் பிற்பகுதியில் நம் திரைப்பாடல்கள் பல ஸ்டீரியோவில் வந்தவை. அதிகாரபூர்வப் பதிப்பை எடுத்து இடப்பக்கத்தை மட்டும் கேளுங்கள், பிறகு வலப்பக்கத்தை. ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றை வாய்மூட வைத்தால் போதும். அதுவும் சோம்பலாக இருந்தால் இயர்போனின் ஒரு காதைக் கழற்றுங்கள்.

பிரித்தெடுக்கும் மென்பொருள் இங்கே உதவாது என்பதையும் கவனியுங்கள். அது கிட்டாரைப் பாஸிலிருந்து பிரிக்கும், ஒரு கிட்டாரை இன்னொரு கிட்டாரிலிருந்து பிரிக்காது.

அரசலாறு (கும்பகோணம்)

இரண்டு கிட்டார்தான்!

இடப்பக்கம் கீழ்த் தந்திகளில் நிதானமாக ஒரு வரி, அந்த ஜி அதனுடையது. வலப்பக்கம் மேலே 12-இலிருந்து 15-ஆம் ஃப்ரெட் வரை அந்தச் சங்கதி. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சாதாரண வேலை. 85 சதவீதத்துக்குக் கீழே போகவே தேவைப்படவில்லை. முதல் பகுதியில் நான் சிரமப்பட்டுப் பிடித்தவற்றில்கூட இரண்டு மூன்று ஸ்வரங்கள் அந்த இன்னொருவருடையவை என்று இப்போது தெரிகிறது.

இனி அடுத்த தலைவலி. எங்கள் குழுவில் கிட்டார் நான் ஒருவன்தான். வலப்பக்க வரியைக் கீபோர்டுக்காரர் கிட்டார் ஒலியில் வாசிப்பதாகச் சொல்கிறார்.

திமிரி (திருவாரூர்)

கீபோர்டில் வேண்டாம். அந்தச் சங்கதியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துச் செல்கிறார். கட்டை கட்டையாக அடித்தால் அது படிக்கட்டு இறங்குவதாகிவிடும்.

சம்பாதாளடி (நீடாமங்கலம்)

இயர்போன் ஒரு காதைக் கழற்றும் வித்தையை நானும் ஒரு பாட்டில் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் வயலின்கள் மட்டும் இருந்தன, கிட்டார் முழுக்க மறுபக்கம். எந்தச் செயலியும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பாடுகிறவர் குரல் இரண்டு பக்கமும் வருகிறதே, அதை எப்படி நீக்குவது?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

நடுவில் வைத்த ஒலி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்தால் அது மறையும். கூடவே பாஸும் பெரும்பாலும் மறையும், அதுவும் நடுவில்தான் இருக்கும். குரலுக்குப் போட்ட எதிரொலி மட்டும் ஆவியாக மிஞ்சும். கிட்டார் ஓரத்தில் இருந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம், நடுவில் இருந்தால் குரலோடு அதுவும் போய்விடும்.

இந்தக் கழித்தல் வேலையைச் செய்த பிறகு மெதுவாக்குங்கள், மெதுவாக்கிய பிறகு கழிக்க வேண்டாம். நீட்டும்போது இரண்டு பக்கமும் இம்மி விலகினாலும் கழித்தல் பலிக்காது.

ஆறாம்தந்தி (மன்னார்குடி)

அரசலாறு, பயிற்சிக்கு ஒரு யோசனை. இடப்பக்கத்தை மட்டும் வாய்மூடச் செய்து, வலப்பக்கத்தை ஓட விட்டு அதோடு வாசியுங்கள். கூட ஒருவர் வாசிப்பது போலவே இருக்கும். சுற்ற விடும் துண்டை ஓர் அடி முன்னதாகத் தொடங்குங்கள். சரியாக முதல் ஸ்வரத்தில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தூக்கிவாரிப்போடும், எடுப்பு ஒருபோதும் பழகாது. வேகத்தை ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 100-இல் நிறுத்தாமல் 105-இலும் ஒருமுறை வாசியுங்கள்; மேடையில் டிரம்ஸ்காரர் எந்த வேகத்தில் பிடிப்பார் என்பது அவருக்கே தெரியாது.

நாகைக்காற்று (நாகப்பட்டினம்)

கச்சேரி எந்தக் கிழமை? சனிக்கிழமையாக இருந்தால் எனக்கு மறுநாள் காலைப் பூசைக்கு வாசிக்க வேண்டும், ஆனால் இரவோடு இரவாகத் திரும்பிவிடலாம். வலப்பக்கத்தை நான் வாசிக்கிறேன். கோப்பு அனுப்புங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

வெள்ளிக்கிழமை. கேசட் துண்டு வேண்டாம், ஸ்டீரியோ கோப்பையே அனுப்புகிறேன். ஒரு சேதி: பாடகருக்கு டி தாங்காதாம், சி-யில் பாடுகிறாராம். நாம் இரண்டு பேரும் முழுச்சுரம் இறக்கி வாசிக்க வேண்டும். உங்கள் வரியில் திறந்த தந்தி எதுவும் இல்லை, இரண்டு ஃப்ரெட் கீழே நகர்ந்தால் போதும். என் வரியில்தான் திறந்த டி வருகிறது. கிட்டாரையே முழுச்சுரம் இறக்கிக் கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஆறாம்தந்தி (மன்னார்குடி)

அந்த ஒரு பாட்டுக்காக மேடையில் சுருதி மாற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். இன்னொரு கிட்டாரை முன்கூட்டியே இறக்கி, பக்கத்தில் சாய்த்து வையுங்கள். முதல் நாளே இறக்கிவிடுங்கள். புதிதாகத் தளர்த்திய தந்தி அன்றைக்கே ஓரிடத்தில் நிற்காது. என்னுடையது வேண்டுமானால் மன்னார்குடியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.